கடல்மீன் தொட்டிக்கு ஏற்ற மணல் எது?

நன்னீர்த் தொட்டியில் வண்ண மீன் வளர்த்துக் கைதேர்ந்தவர்கள், அடுத்தபடியாகக் கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைக்க ஆசைப்படுவது இயல்பு. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்த்தெடுக்கும் முறைகளைக் கண்டறிந்துள்ளன. இதனால் பவளப்பாறையிலிருந்து பிடித்து வராமல், பொரிப்பகத்தில் பிறந்த மீனையே வாங்கி வளர்க்கும் வாய்ப்பு ஏற்பட்டுள்ளது.

மயிலாடுதுறைப் பகுதியினருக்குக் கடல் தூரமில்லை. பூம்புகாரும் தரங்கம்பாடியும் சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ளன. தண்ணீர் எடுக்கப் போகும்போதே கரை மணலையும் ஒரு சாக்கில் கட்டி வந்து தொட்டியில் கொட்டிவிடலாம் என்ற எண்ணம் எளிதில் எழும். "மீன் வாழும் கடலின் மணல்தானே?" என்ற கேள்வியும் நியாயமாகத் தோன்றும். ஆனால் கோமாளி மீன் வாழும் கடலடி வேறு, தரங்கம்பாடிக் கடலடி வேறு. மணல் தேர்வில் நேரும் பிழை முதல் மாதத்தில் தெரிவதில்லை. நான்காவது, ஐந்தாவது மாதத்தில் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே மிதக்கும்போதுதான் தெரிகிறது. வேறொரு வகைப் பிழை வளர்ப்போரைச் சட்டத்தின் முன்னும் நிறுத்திவிடக் கூடும். ஆகவே தொட்டி வாங்கும் முன்பே மணலைப் பற்றி யோசிப்பது நல்லது.

மணலும் நெல் வயலும்

தொட்டி மணல் அழகுக்காகப் போடப்படுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு சிறு வயல் என்பதே பொருத்தம். டெல்டா விவசாயிக்கு இதைப் புரிந்துகொள்வது மற்றவர்களைவிடச் சுலபம்.

நீர் கட்டிய நெல் வயலின் சேற்றைக் கத்தியால் நறுக்கிப் பார்த்தால், மேலே சில மில்லி மீட்டர் கனத்துக்குப் பழுப்பு நிறப் படலமும், அதன் கீழே சாம்பல் நிறச் சேறும் தெரியும். மேற்படலத்தில் பிராணவாயு உண்டு; கீழே இல்லை. மேற்படலத்தில் உள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட் கீழே இறங்கினால், அங்குள்ள வேறு நுண்ணுயிர்கள் அதிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொண்டு, தழைச்சத்தை நைட்ரஜன் வாயுவாக வெளியே விட்டுவிடுகின்றன. நடவு வயலுக்கு நைட்ரேட் உரம் உதவாது, யூரியாவைச் சேற்றின் ஆழத்தில் வைப்பது நல்லது என்று சொல்லப்படுவதற்குக் காரணம் இதுதான்.

கடல்மீன் தொட்டியின் மணலிலும் இதே இரண்டு வேலைகள் நடக்கின்றன. மீனின் கழிவும், தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அம்மோனியா உண்டாகிறது. மேல் மணலில் ஒட்டியுள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக்குகின்றன. மணல் போதிய ஆழமாக இருந்தால் அடியில் நைட்ரேட் வாயுவாகி வெளியேறுகிறது. வயலில் எது நஷ்டமோ அது தொட்டியில் லாபம். வயலில் தழைச்சத்து ஓடிப்போனால் விவசாயிக்குப் பணம் போகிறது. தொட்டியில் ஓடிப்போனால் தண்ணீர் சுத்தமாகிறது.

வயலுக்கும் தொட்டிக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. பிராணவாயு அறவே அற்ற சேற்றில், கந்தகச் சத்திலிருந்து அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டாகும். வயல் மண்ணில் இரும்பு ஏராளமாக இருப்பதால் பெரும்பகுதி அதோடு சேர்ந்து கறுப்புப் பொருளாகக் கட்டுண்டுவிடும். கடல்நீரிலோ கந்தகச் சத்து மிக அதிகம். வெள்ளை மணலில் இரும்பு மிகக் குறைவு. ஆகவே உண்டான விஷ வாயு கட்டுப்படாமல் மணலுக்குள்ளேயே தங்கி நிற்கும். ஒரு நாள் யாரேனும் கரண்டியால் கிளறினால் தண்ணீரில் கலந்து மீன்களைக் கொன்றுவிடும். மணலின் பருமனும் ஆழமும் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

காவிரி தந்த மணல்

மணலில் இரண்டு பெரும் சாதிகள் உண்டு. ஒன்று, மலைப்பாறை உடைந்து ஆற்றோடு வந்த சிலிகா மணல். மற்றது, கடல் உயிர்களின் ஓடும் கூடும் நொறுங்கி உண்டான சுண்ணாம்பு மணல். காவிரி கொண்டு வருவது முதல் சாதி. பூம்புகார், தரங்கம்பாடிக் கரையில் கிடப்பதும் பெரும்பாலும் அதே காவிரி மணல்தான். கடல் அதை அரைத்துச் சலித்துப் பரப்பியிருக்கிறது. கரையில் அங்கங்கே தெரியும் கறுப்புக் கோடுகள் இல்மனைட், மாக்னடைட் முதலிய கனமான தாதுக்கள்; செந்நிறத் துகள்கள் கார்னெட். ஒரு காந்தத்தை மணலில் இழுத்தால் கறுப்புத் துகள்களில் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டு வரும்.

பவளப்பாறை உயிர்களுக்குத் தெளிந்த நீரும், மாறாத உப்பும் தேவை. காவிரியும் கொள்ளிடமும் வண்டலோடு நன்னீரைக் கொட்டும் இந்தக் கரையில் அவை தழைக்க வழியில்லை. தெற்கே பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும்தான் பவளப்பாறைகள் உள்ளன. அங்கே சுண்ணாம்பு மணல் இருக்கிறது, இங்கே இல்லை.

மணல் எந்தச் சாதி என்று அறிய மண் பரிசோதனை நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. உலர்ந்த மணலில் ஒரு கரண்டி எடுத்து, அதன் மீது புளிக்காடி எனும் வினிகரையோ, கெட்டியான எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றினால் போதும். நுரைத்துக் குமிழி விட்டால் சுண்ணாம்பு மணல். சும்மா நனைந்து கிடந்தால் சிலிகா மணல். தரங்கம்பாடி மணலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வரும். அது அதில் கலந்துள்ள சிப்பித் தூள்.

சுண்ணாம்பு மணல் அவசியமா?

கடல்நீரின் கார அமில நிலை 8.1 முதல் 8.3 வரை இருக்க வேண்டும். ஒரு லிட்டரில் சுமார் 400 மில்லி கிராம் கால்சியம் இருக்கும். "சுண்ணாம்பு மணல் போட்டால் இவை தாமாகவே நிலைத்து நிற்கும்" என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. இது பாதி உண்மைதான். கார அமில நிலை 8.2 உள்ள கடல்நீரில் சுண்ணாம்பு ஏற்கெனவே தேவைக்கு மேல் கரைந்திருக்கிறது. அந்த நீரில் மேலும் கரையாது. நிலை நன்றாகத் தாழ்ந்த பிறகே மணல் கரையத் தொடங்கும். மணலின் அடியில், கழிவு அழுகி அமிலம் உண்டாகும் இடத்தில் கொஞ்சம் கரைகிறது. அம்மோனியம் சல்பேட்டைத் தொடர்ந்து இட்ட வயல் புளிப்பேறுவது போலவே, அம்மோனியா நைட்ரேட்டாகும்போது தொட்டி நீரும் மெல்லப் புளிப்பேறும். அதைத் தடுக்கச் சுண்ணாம்பு மணல் ஓரளவு துணை செய்யுமே தவிர, வாரந்தோறும் ஒரு பகுதி நீரை மாற்றும் வேலையை அது செய்துவிடாது.

அதேபோல, சிலிகா மணல் போட்டால் பழுப்புப் பாசி படரும் என்ற அச்சமும் அளவுக்கு மீறியது. படிகக்கல் தண்ணீரில் கரைவது மிக மிக மெதுவாக. புதிய தொட்டியில் முதல் சில வாரங்களில் எந்த மணல் போட்டாலும் டயாட்டம் என்னும் பழுப்பு நுண்பாசி வந்து போகும்.

எனவே மீன் மட்டும் வளர்க்க நினைப்பவருக்குச் சலித்துக் கழுவிய காவிரி மணலே போதும். வீடு கட்ட வாங்கியதில் மிஞ்சிய ஒரு கூடை மணல் இருந்தால் வேறு செலவே இல்லை. ஆனால் களிமண்ணும் அப்ரகமும் போகும்வரை அலச வேண்டும். கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வேண்டாம்; அதன் கூர்முனைகள் மணலில் புதையும் மீன்களின் வயிற்றைக் கீறும், தூசியும் அடங்காது. கடற்கரை மணலையும் தவிர்ப்பது நல்லது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் கரையில் மணல் எடுப்பதைத் தடை செய்கின்றன என்பது ஒரு காரணம். அதில் செத்த நுண்ணுயிர்களும், இறால் பண்ணை வடிகால்களும் படகுகளும் விட்ட கழிவும் இருக்கக்கூடும் என்பது இன்னொன்று.

பாறை உயிர்களின் சூழலையும் சேர்த்து அமைக்க விரும்புவோருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு மணல் ஏற்றது. கோமாளி மீனின் நிறம் அதன் மீதுதான் எடுப்பாகத் தெரியும். விளக்கொளியைத் திருப்பி மேலே அனுப்பும். சின்னஞ்சிறு புழுக்களும் கூனிகளும் அதில் நன்றாகக் குடியேறும். இந்த மணலுக்குத்தான் எங்கே போவது?

பவள மணலின் விலை

மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் வரிசையாக இருந்தன. 1986இல் இவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல்லாண்டுகள் பவளக்கல் வெட்டியெடுக்கப்பட்டதன் விளைவாக, அவற்றில் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிப் போயின. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு 1986இல் சுமார் 16 ஹெக்டேர் பரப்புடையதாக இருந்தது. 2014இல் சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. மிச்சத்தைக் காக்க அதன் பின்னர் செயற்கைப் பாறைகள் கடலில் இறக்கப்பட்டன. 2004 டிசம்பர் 26ஆம் தேதியின் ஆழிப்பேரலையைப் பார்த்த தரங்கம்பாடி, பூம்புகார் மக்களுக்கு, கரைக்கு முன்னே ஒரு பாறைத் தடுப்பு இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

2001ஆம் ஆண்டு முதல் பாறை கட்டும் பவள உயிர்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பே இவற்றுக்கும். கரையில் ஒதுங்கிய செத்த துண்டு என்றாலும் எடுப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். தண்டனை 3 முதல் 7 ஆண்டுச் சிறைவாசம். வெளிநாட்டு நூல்கள் "உயிர்ப்பாறை" போடச் சொல்லும். மணலைத் தின்று சுத்தம் செய்யக் கடல் அட்டை விடச் சொல்லும். கடல் அட்டையும் கடற்குதிரையும் அதே அட்டவணையில்தான் இருக்கின்றன. அந்த நூல்களின் யோசனைகளை நம் ஊரில் அப்படியே பின்பற்ற முடியாது. பாறைக்குப் பதில் சுட்ட மண்ணால் செய்த செயற்கைப் பாறைகளை வைக்கலாம். நுண்துளைகள் இருந்தால் நுண்ணுயிர்கள் அதிலும் குடியேறும்.

கடையில் "பவள மணல்" என்று எழுதியிருப்பவை எல்லாம் ஒன்றல்ல. பகாமாஸ் தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலில், கரைந்த சுண்ணாம்பு தானே உருண்டைத் துகள்களாகப் படிந்து உண்டாகும் ஒரு மணல் உண்டு. அரகோனைட் மணல் என்ற பெயரில் பைகளில் அடைத்து வருவதில் பெரும்பகுதி அதுவே. எந்தப் பவளத்தையும் உடைத்து எடுத்ததல்ல. துகள் ரவை போல் உருண்டையாக இருக்கும். விலை அதிகம், இருந்தாலும் சிறிய தொட்டிக்கு ஒருமுறைச் செலவு. பையின் மேல் எந்த நாட்டு மணல் என்று அச்சிட்டிருக்க வேண்டும். ரசீதும் வாங்க வேண்டும். சாக்கிலிருந்து அள்ளிக் கொடுக்கும் வெள்ளை மணலில் கிளை கிளையாகவோ, நட்சத்திரத் துளைகளோடோ துண்டுகள் தென்பட்டால் அது பாறையிலிருந்து வந்தது. வாங்காமல் திரும்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

கிளிஞ்சல் குருணை

செலவைக் குறைக்க நினைப்போருக்கு இன்னொரு வழி இருக்கிறது. முட்டைக் கோழிகளுக்குச் சுண்ணாம்புச் சத்துக்காகக் கொடுக்கும் கிளிஞ்சல் குருணை தீவனக் கடைகளில் கிடைக்கும். மட்டி ஓட்டில் பெரும்பகுதி அரகோனைட். ஆளி ஓட்டில் கால்சைட். இரண்டும் சுண்ணாம்புதான். வாங்கியபடியே போடக் கூடாது. அதில் பெரிய துண்டுகள் அதிகம். இடுக்குகளில் தீனி புகுந்து அழுகும். இரண்டு சல்லடைகளில் சலித்து, ரவையைவிடப் பருமனாகவும் கேழ்வரகைவிடப் பெரிதாகாமலும் உள்ள பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். மருந்தோ தாது உப்போ கலந்த தீவனக் கலவையாக இருந்தால் அறவே ஆகாது. ஒரு வாளியில் போட்டு ஒன்றோடொன்று உரசும்படி நன்றாகத் தேய்த்து அலசினால் கூர்முனைகள் ஓரளவு மழுங்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை மிக அவசியம். கிளிஞ்சல் வேறு, கிளிஞ்சல் சுண்ணாம்பு வேறு. சூளையில் சுட்ட சுண்ணாம்பு ஒரு கைப்பிடி விழுந்தாலும் நீரின் காரம் ஒரேயடியாக ஏறி, தொட்டியில் ஓர் உயிரும் மிஞ்சாது.

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லை உடைத்துப் போடலாமா என்றும் கேட்பதுண்டு. அதுவும் ஒரு காலத்துக் கடலடிதான். ஆனால் அதில் களிமண் கலப்பு உண்டு. அந்தப் பகுதிப் படிவுகளில் பாஸ்பேட் முடிச்சுகளும் காணப்படுகின்றன. வயலுக்கு மணிச்சத்து நல்லது. தொட்டிக்கு அது பச்சைப் பாசியைத்தான் வளர்க்கும்.

பருமனும் ஆழமும்

துகள் அரை மில்லி மீட்டரிலிருந்து ஒன்றரை மில்லி மீட்டர் வரை இருப்பது பொதுவாக உகந்தது. அதைவிடப் பொடியானது நீரோட்டத்தில் பறந்து கலங்கும். அடியில் இறுகி, பிராணவாயு புகாமல் அடைக்கும். 3 மில்லி மீட்டருக்கு மேற்பட்டால் கழிவு உள்ளே இறங்கித் தங்கும்.

ஆழத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை மெல்லிய பரப்பு. இதில் நைட்ரேட் அதிகம் வெளியேறாது. நீர் மாற்றித்தான் குறைக்க வேண்டும். ஆனால் விஷ வாயு சேரும் ஆபத்தும் குறைவு. மற்றது, 4 அங்குலத்துக்கு மேற்பட்ட ஆழமான படுகை. நைட்ரேட்டை வாயுவாக்கும் வேலை இதில் நடக்கும். ஆனால் அதில் வாழும் புழு பூச்சிகள் தழைக்க வேண்டும், யாரும் கிளறக் கூடாது, ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பராமரிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இரண்டரை, மூன்று அங்குலம் போட்டால் இரண்டின் பலனும் முழுமையாகக் கிடைக்காது. முதல் தொட்டி அமைப்போர் மெல்லிய பரப்போடு நிறுத்திக்கொள்வதே மேல். மணலில் புதைந்து உறங்கும் மீன் வகைகளுக்கு மட்டும் ஒரு மூலையில் சற்று அதிகமாகக் குவிக்கலாம்.

கணக்கு இதோ. 3 அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும் உள்ள தொட்டியின் அடிப்பரப்பு நாலரை சதுர அடி. ஓர் அங்குல ஆழத்துக்கு ஏறத்தாழ பத்தரை லிட்டர் மணல், அதாவது சுமார் 16 கிலோ தேவை. 4 அங்குலம் போட நினைப்பவர் 60 கிலோவுக்கு மேல் எடையைத் தாங்கும் மேசை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீரின் எடை தனி.

போடும் முறை

மணலை ஒரு வாளியில் பாதியளவு எடுத்துக் குழாய்நீரில் கலக்கி, கலங்கல் நீரை வடித்து, மேல்நீர் தெளியும் வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். பத்துப் பன்னிரண்டு முறை ஆகலாம். சோப்பு கூடாது. பிறகு வெயிலில் காய வைக்க வேண்டும். தொட்டியில் செயற்கைப் பாறைகளை முதலில் அடிக்கண்ணாடி மேல் நிறுத்தி, அப்புறமே மணலைப் பரப்ப வேண்டும். மணல் மேல் பாறையை வைத்தால், மீன் தோண்டும்போது அது சரிந்து கண்ணாடியை உடைக்கும். மணல் மேல் ஒரு தட்டை வைத்து, அதன் மீது கடல்நீரை மெதுவாக ஊற்றினால் கலங்காது.

சீர்காழி, தரங்கம்பாடி ஓரங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பாக இருப்பதால் அதையே பயன்படுத்த எண்ண வேண்டாம். நாக்குக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றினாலும், அதில் கால்சியமும் மக்னீசியமும் கடல்நீரின் விகிதத்தில் இருப்பதில்லை, இரும்பும் கலந்திருக்கலாம்.

மணல் போட்டவுடன் மீன் விடக் கூடாது. நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். ஆரோக்கியமான பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணல் கிடைத்தால் அதைத் தூவுவது, தயிருக்கு உறை ஊற்றுவது போல. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்த பிறகு ஓரிரு மீன்களை மட்டும் விடலாம். மெல்லிய மணல் பரப்பை வாரம் ஒரு முறை, நீர் மாற்றும்போது குழாயால் மேலாக உறிஞ்சிச் சுத்தம் செய்யலாம். கண்ணாடிப் பக்கமாகக் கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் கிளறாமல், அந்த இடத்து மணலை மட்டும் குழாயால் நீரோடு உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். நீர், மீன் நோய் பற்றிய ஆலோசனைக்கு, 2012இல் தொடங்கி நாகப்பட்டினத்தில் இயங்கிவரும் மீன்வளப் பல்கலைக்கழகத்தை அணுகலாம்.

எடுத்த மணலையும் நீரையும் வீட்டுத் தோட்டத்தில் கொட்டுவது பெரும்பாலோர் செய்யும் காரியம். மேலே சொன்ன 16 கிலோ மணலின் இடுக்குகளில் மட்டும் சுமார் 4 லிட்டர் கடல்நீர் தங்கும். அதில் ஏறத்தாழ 150 கிராம் உப்பு இருக்கிறது. கத்தரியும் அவரையும் தாங்காது. நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசிய பிறகு மணலைப் பாதை மேட்டுக்குப் போடலாம்; உப்புநீரைச் செடிகளின் பக்கமோ, பாசன வாய்க்காலிலோ விட வேண்டாம்.